விரிப்பு காய்ந்திருந்த வாரம்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. ஏலக்கூடத்தில் நாய்கள் மட்டும். பேப்பருக்கு நான்கு பத்தி அனுப்பினேன். இரண்டு பத்தியாக வரும்.

வீட்டுக்கு வந்தால் வாஷிங் மெஷின் நின்றிருக்கிறது. திரையில் E4. விட்டு விட்டு ஒரு கூவல். காலையில் போட்ட அண்ணனின் விரிப்புகள் உள்ளே, பாதி நனைந்தபடி.

கையேடு அலமாரியின் அடித்தட்டில் அகப்பட்டது. E4: குறித்த நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் எட்டவில்லை.

அண்ணன் கட்டில் ஹாலில். ஆடியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை, கால் வராது, பேச்சு குழறும். சொல்வதற்குள் படுக்கை நனைந்துவிடும். டயப்பர் போட்டுப் பார்த்தோம், இடுப்பில் புண். ஆகவே தினம் இரண்டு விரிப்பு, சில நாள் மூன்று. மில் மூடும் வரை நூற்புப் பிரிவில் நின்றபடியே வேலை செய்த மனிதர்.

கௌரி விரிப்புகளைக் கையால் அலசிப் பிழிந்தாள். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. "ஒண்ணும் இல்லங்க, தைலம் தேச்சா போவும்" என்கிறாள். போகாது.

அண்ணன் மகள் சுமதி பெங்களூரிலிருந்து ஃபோன். "சித்தப்பா, வில்லியனூர் பக்கம் ஒரு இல்லம் விசாரிச்சேன். சித்தி எவ்ளோ நாளுதான் தொவைப்பாங்க?" அலுப்பில் சொல்லிவிட்டேன்: "ரெண்டு நாள் பாக்கறேம்மா. மெஷின் சரியாவலன்னா அந்த இல்லத்துல பேசு."

ஹாலில் நின்றுதான் பேசினேன். அண்ணன் கண் மூடியிருந்தார்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு விட்டு. புல்வார் சாலை ஓரம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் சேவியருக்கு ஃபோன்.

காலை: "தோ வந்துனே இருக்கேன் சார்."
மதியம்: "வண்டி பஞ்சர் சார்."
மாலை: "வீட்டாண்ட வந்தேன் சார், கதவு பூட்டிருந்துச்சு." கதவு பூட்டவே இல்லை. கௌரி வாசலில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நானே பார்ப்பதென்று முடிவு. செய்திக்குப் போகிற மாதிரிதான் போக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே நிற்கிறது.

மேல் தொட்டி: முக்கால்.
குழாய்: முழுக்கத் திறந்திருக்கிறது. வாளி பிடித்துப் பார்த்தேன், வேகம் சரி.
மெஷினுக்குப் போகும் குழாய்: மடங்கவில்லை.

அதற்கப்புறம் இருட்டிவிட்டது.

கௌரி ஒரே விரிப்புதான் துவைத்தாள். நல்ல காலம்.

எம்.எல்.ஏ. பேட்டி வெள்ளிக்குத் தள்ளிப்போனது. குடை எங்கோ விட்டுவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. மின்சாரத்தைத் துண்டித்து, குழாயை மூடி, மெஷினின் முதுகுப்புறக் குழாயைக் கழற்றினேன். உள்ளே விரல் நுனி அளவு சல்லடை. அதில் மணலும் வெள்ளை உப்பும் பாறை மாதிரி. நம் போர்வெல் தண்ணீரின் லட்சணம். வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தேன்.

மாட்டினேன். தண்ணீர் பாய்ந்து விழும் சத்தம். கௌரி சமையலறையிலிருந்து, "வந்துடுச்சா?" என்றாள். "வந்துடுச்சு." ஹாலுக்குப் போய் அண்ணனிடமும் சொன்னேன். தலையைத் திருப்பிப் பார்த்தார்.

சிறிது நேரத்தில் மறுபடி கூவல். இப்போது E7. கையேடு: தண்ணீர் மட்டத்தை அறிய முடியவில்லை. "சேவை மையத்தை அணுகவும்." அதோடு அந்தப் பக்கம் முடிந்தது.

"இன்னாங்க, வேற நம்பர் காட்டுது?" என்று கௌரி சிரித்தாள். "லாட்டரியா இது?"

அண்ணன் சிரிக்கவில்லை.

கட்டிலடிச் செம்பில் தண்ணீர் ததும்ப ததும்ப. எறும்பு ஒன்று மிதந்தது, ஊற்றிவிட்டு வேறு வைத்தேன். விரிப்பு இன்றும் ஒன்றுதான்.

நவம்பர் 7, வெள்ளி

பேட்டி நடந்தது, உருப்படியாக ஒரு வரி இல்லை.

மெஷினின் கழிவுநீர்க் குழாய் தரையில் விழுந்து கிடந்தால், நிரம்பும்போதே தண்ணீர் வெளியேறிவிடுமாம். பார்த்தேன். உயரத்தில்தான் மாட்டியிருக்கிறது. அது இல்லை.

காலையில் காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. "ஏன்ணே?" "வேணாம்." இரவு ரசம் சாதம் கொடுத்தபோதும் கெட்டியாகக் கேட்டார், ரசம் குறைத்து. பிடிவாதம் கூடிவருகிறது என்று கௌரியிடம் சொன்னேன்.

நவம்பர் 8, சனி

விரிப்பு காய்ந்தே இருந்தது. காலையிலும், மாலையிலும். கௌரியின் கைக்கு ஓய்வு. உடம்பு தேறுகிறது போல, சிறுநீர் கட்டுக்குள் வருகிறது என்று சுமதிக்குச் செய்தி அனுப்பினேன். அவள் கைகூப்பும் படம் போட்டாள்.

சந்தோஷமாக மெஷினிடம் போனேன். மேல் மூடியைக் கழற்றியதில் விஷயம் விளங்கியது. இது தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே வருகிறது. தண்ணீர் ஏற ஏறக் குழாய்க்குள் காற்று அழுந்துகிறது. அந்த அழுத்தத்தை வைத்துத்தான் மட்டத்தை ஊகிக்கிறது. குழாய் அடைத்துக்கொண்டால் எதிரே தண்ணீர் தளும்பினாலும் அதற்குத் தெரியாது.

நாளை அதைக் கழற்ற வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

(திங்கள் காலை எழுதுகிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில்.)

மெல்லிய குழாயைக் கழற்றினேன். உள்ளே சோப்பும் நூல் பிசிறும் சேர்ந்து சாம்பல் நிறக் களி. வெந்நீர் விட்டு, ஊதி, மறுபடி வெந்நீர். மாட்டி ஓட்டினேன். தண்ணீர் ஏறியது, சரியான இடத்தில் நின்றது, டிரம் சுற்றியது. திரையில் எந்த E-யும் வரவில்லை. மூன்று பக்கப் பேட்டி எடுத்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணனிடம் சொல்லப் போனேன். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது. ஏதோ முனகினார், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்கிற மாதிரி. ஆட்டோவில் கௌரி மடியில் அவர் தலை.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். "உடம்புல தண்ணியே இல்லையே. வீட்ல யாரு பாத்துக்கறது?"

"நான்தான்."

"நேத்து எவ்ளோ தண்ணி குடிச்சாரு? யூரின் எத்தன வாட்டி போனாரு?"

மெஷின் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 10, திங்கள்

டிரிப் ஏறுகிறது. சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது, திரும்பும் என்கிறார்கள், முழுதாகவா என்று சொல்லவில்லை.

கௌரி வராந்தாவில்: "செம்ப நான்தான் ரொப்பி வெச்சேன். நீங்க குடுக்கறீங்கன்னு நெனச்சேன்." நான் அவள் கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

மாலையில் அண்ணனுக்குத் தெளிவு. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு சொல்லாக:

"இல்லம் வேணாம் தம்பி. மெஷினு சரியாவற வரிக்கும்... தாங்கிடலாம்னு பாத்தேன்."

பக்கத்துக் கட்டில் அம்மாள் ஆரஞ்சு உரித்து இரண்டு சுளை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை. சட்டைப் பையில் போட்டு, கறையாகிவிட்டது.

அந்த நான்கு நாளும் அவர் நா வறண்டு கிடந்த இடத்துக்கு ஒரு சுவர் தள்ளித்தான் நான் குழாய் கழற்றிக்கொண்டிருந்தேன். காய்ந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நவம்பர் 12, புதன்

வீடு. டாக்டர் சொன்ன அளவைக் கௌரி சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அண்ணன் முன்னாலேயே சுமதிக்கு ஃபோன் போட்டேன், ஸ்பீக்கரில். இல்லம் வேண்டாம், அந்தப் பேச்சே இனி வேண்டாம் என்றேன். அவள் அழுதாள்.

டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை.

"மெஷினு?"

"சரியாயிடுச்சுண்ணே. அன்னிக்கே."

வலது பக்க உதடு மட்டும் கோணியது. "பேப்பர்காரன் பேச்ச... எவன் நம்புவான்."

கௌரி, "அப்டி கேளுங்க மாமா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

துவைக்க ஒன்றுமில்லை. வெறும் மெஷினை ஓட்டினேன், அவருக்குக் கேட்கும்படி கதவுகளை எல்லாம் திறந்துவைத்து. தண்ணீர் விழும் சத்தம். நின்றது. டிரம் சுற்ற ஆரம்பித்தது. மில் ஆள், தலையைச் சாய்த்து, முழு ஓட்டமும் காது கொடுத்துக் கேட்டார். பிழிந்து முடிந்து மணி அடித்த பிறகுதான் கையை நீட்டினார்.

அரை டம்ளர்.

சேவியர் ஃபோன்: "சார், நாளிக்கு கண்டிசனா வர்றேன்."

நவம்பர் 13, வியாழன்

மழை. விடியும்போதே கௌரி ஹாலிலிருந்து கத்தினாள்: "ஏங்க, நெனஞ்சிருக்குங்க! நல்லா நெனஞ்சிருக்கு!" குழந்தை பிறந்த சேதி மாதிரி.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விரிப்பை உருவும்போது, என்னைப் பாராமலே:

"ரொம்ப போயிட்டேன் போல தம்பி. மெஷினு தாங்குமா?"

"தாங்கும்ணே."

விரிப்பை மெஷினில் போட்டுவிட்டு வந்து டம்ளரை எடுத்தேன். மறுபடியும் கேட்டார், "தாங்குமா?"