நாலாம் பக்கத்தில் மீனா

1999 அக்டோபர் 2, சனி

டல்லஸில் காலை ஏழுக்கே புழுக்கம். வடக்கிலிருந்து குளிர் வருகிறது என்று டி.வி.யில் மூன்று நாளாகச் சொல்கிறார்கள். வரவில்லை.

வேலை: 1. மருமகள் பிரியாவின் பட்டுப்புடவை, ட்ரை க்ளீனிங் கடையில். 2. மகன் கண்ணனுக்குக் காது வலி, சொட்டு மருந்து. 3. கீழ்வீட்டு மீனாவைப் பாட்டு வகுப்பில் விட.

மூன்றாவது முதலில். அவள் அப்பா செந்திலுக்கு சனிக்கிழமையும் ஆபீஸ். "ஆன்ட்டி, ஒரு எட்டு விட்டுட்டு வந்துருங்களேன்" என்றான். ஈரோட்டுக்காரன், 'ங்க' போடாமல் மூச்சு விடமாட்டான். மனைவி சூஜின் கொரியாக்காரி. இருவரும் இங்கே படிக்க வந்த இடத்தில் கல்யாணம். மீனா ஒரே பெண், வயது பன்னிரண்டு. இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற பெயர் என்று வைத்தார்களாம். கண் அம்மாவுடையது, நிறம் அப்பாவுடையது. நான் சொல்லும் தமிழ் புரியும். பதில் எல்லாம் இங்கிலீஷ். இங்கே எழுதுவது என் தமிழ்.

என் லைசென்ஸுக்கு வயது நாலு மாதம். ஃப்ரீவே பயம். உள் ரோடாகவே போனேன். "ஆன்ட்டி, சைக்கிள் நம்மை ஓவர்டேக் பண்ணுது" என்றாள்.

கொரிய சர்ச்சின் பின் அறை. ஆசிரியர் மிஸ்டர் சோ. பார்த்த முகமாக இருந்தது. ட்ரை க்ளீனிங் கடையில் இஸ்திரி போடுகிறவரே. ஐம்பது தாண்டியவர். இடது கன்னத்தில் பழைய தீக்காயம், எப்போதும் வலப்பக்கம் காட்டியே நிற்பார். முன்பு பதினோரு பிள்ளைகள், இப்போது நாலு. பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நின்று பாடச் சொல்கிறார். "முகத்தைப் பார்த்தால் காது வேலை செய்யாது, மேடம்."

மீனா சுவரைப் பார்த்துப் பாடினாள். எனக்கு மொழி தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அது போதும்.

பிறகு சோ ஒரு படிவம் காட்டினார். சியோலிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனி ஆள் எடுக்க டல்லஸ் வருகிறது. அனுப்பிய கேசட்டுகளில் ஆறு பேரைத் தேர்ந்திருக்கிறார்கள், மீனா ஒருத்தி. 16ஆம் தேதி நேரில் பாட வேண்டும். எடுத்தால் அவளுக்கு சியோலில் பயிற்சி, சோவுக்கு அங்கேயே ஆசிரியர் வேலை. இஸ்திரிப் பெட்டியை விட்டு எட்டு வருஷத்துக்குப் பிறகு ஊர்.

படிவத்தில் பெயர்: பார்க் மீனா. பார்க், சூஜினின் பிறந்த வீட்டுப் பெயர். புகைப்படம் ஒட்டும் கட்டம் காலி.

"ஃபோட்டோ?"

"முதலில் காது. கண் அப்புறம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சென்னையில் ரிப்போர்ட்டராக இருந்தவளாம் நான்.

புடவை எடுக்க மறந்தேன்.

அக்டோபர் 4, திங்கள்

அச்சகம். நான் ப்ரூஃப் பார்க்கும் நம் இந்தியர் வாரப் பத்திரிகையும் கொரியர்களின் வாரப் பத்திரிகையும் ஒரே இடத்தில் அச்சாகின்றன. திங்கள் அவர்களுக்கும் எனக்கும் ப்ரூஃப் நாள். அவர்கள் ஆசிரியை லிம் அம்மாள். காபி மெஷின் பக்கத்தில் நின்று பேச்சு.

"உங்க அபார்ட்மென்ட்ல இருந்து ஒரு பொண்ணு ஆடிஷன் போகுதாமே? நாலு வரி போடலாம்னு இருக்கேன். பார்க் மீனா, சரியா?"

முழுப் பெயர் மீனா செந்தில்குமார் என்றேன். தகப்பன் பெயர், ஊர், தாய் பெயர், எந்தப் பள்ளி, எத்தனையாவது வகுப்பு. எல்லாம் கொடுத்தேன். பையில் போன மாதம் நான் எடுத்த படம் இருந்தது, நீச்சல் குளத்தருகே மூவரும். அதையும் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் சென்னையில் ஒரே நாளிதழில் வேலை. என் கையால் ஒரு பெயர் தப்பாகப் போனதில்லை.

திரும்பும்போது சந்தோஷமாகவே இருந்தது. எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும்.

அக்டோபர் 8, வெள்ளி

கொரியப் பத்திரிகை வந்தது. நாலாம் பக்கம், வலது ஓரம். படம் தெளிவு. செந்தில் பத்துப் பிரதி வாங்கினான். "எங்கப்பாவுக்கு ஒண்ணு தபால்ல போடணுங்க. படிக்கத் தெரியாட்டி என்ன, போட்டோ இருக்குதில்ல."

ஐந்தரைக்கு சோ வந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். காபி தொடவில்லை. பத்திரிகையை நாலாம் பக்கம் தெரிய மடித்து மேஜைமேல் வைத்தார்.

"ஏதாவது தப்பா வந்திருக்கா?" என்றேன்.

"இல்லை மேடம். எல்லாம் சரி. அதுதான் கஷ்டம்."

கேசட்டைக் கேட்டபோது கம்பெனிக்காரர்கள் ஒரு கொரியப் பெண்ணை நினைத்துக் கேட்டார்கள். நேரில் வந்து பாடி முடிக்கிறவரை அப்படியே நினைக்கட்டும் என்று சோவின் கணக்கு. பாட்டு காதில் இறங்கிவிட்டால் பிறகு கண் என்ன சொன்னாலும் சமாளிக்கலாம் என்று. எட்டு நாள் இருக்கையில் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். இந்த இடத்துக்கு வருகிற கொரியர் யாரானாலும் ஹோட்டலில் முதலில் புரட்டுவது இந்தப் பத்திரிகையைத்தான்.

"அடுத்த வெள்ளி ஒரு திருத்தம் போட முடியுமா? பார்க் மீனா என்று மட்டும். அப்பா பெயர் இல்லாமல்."

யோசிக்கிறேன் என்றேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "உங்கள் புடவை ரெடி" என்றார்.

அக்டோபர் 10, ஞாயிறு

குளிர் இன்னும் வரவில்லை. சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம்.

சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். பிரியா: "என்ன அத்தை, அந்தப் பொண்ணு அப்படி ஒண்ணும் கறுப்பு இல்லையே. கொஞ்சம் கலர் கம்மி, அவ்வளவுதான்." கண்ணன்: "நீ சொல்றதுதான்டி அவங்களும் சொல்றாங்க." பிரியா முறைத்தாள்.

என் முதல் வேலை ரிப்போர்ட்டிங் இல்லை. வரி விளம்பரப் பகுதி, மணமகள் தேவை. வார்த்தைக்கு இத்தனை என்று கட்டணம், எனவே சுருக்குவது என் வேலை. 'சிவந்த நிறமுள்ள' என்பதை 'சி.நி.' என்று சுருக்கியது நான். ஆசிரியர் பாராட்டினார். ஒன்றரை வருஷம் எத்தனை சி.நி. போட்டேன் என்று எண்ணியதில்லை. சியோல்காரர்களைத் திட்ட உட்கார்ந்தால் இது வந்து நிற்கிறது.

திருத்தம் எழுதிப் பார்த்தேன். ஒரே வரி. கை எழுதிவிட்டது. மடித்து டயரிக்குள்.

அக்டோபர் 12, செவ்வாய்

திருத்தத்துக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. கம்பெனி ஆட்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள், பத்திரிகை பார்த்துவிட்டார்கள். சூஜினுக்குப் போன். 'லிஸ்ட் நிரம்பிவிட்டது.' ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு போன். 'வரட்டும். கடைசியில். மேடையில் வேண்டாம், பக்கத்து அறையில்.'

செந்தில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான், டை கூடக் கழற்றாமல். "போக வேண்டாம்னு சொல்லிரலாங்களா ஆன்ட்டி?" மீனா உள்ளிருந்து கத்தினாள்: "ஐ ஆம் கோயிங்."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க. என் பேரை என் புள்ளைக்குப் போட்டீங்க. அதுக்கு மன்னிப்பா?" மேலே வந்து கொத்தமல்லி ஆய்ந்தேன்.

அக்டோபர் 15, வெள்ளி

சூஜின் கொரியக் கடையிலிருந்து பவுடர் வாங்கி வந்தாள். இரண்டு ஷேடு வெளுப்பு. மீனாவின் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பார்த்தாள். செந்தில் எட்டிப் பார்த்து, "எங்க ஊர்லயும் டியூப்ல அடைச்சு இதைத்தான் விக்கறாங்க. இதுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை" என்றான். சூஜினுக்கு முதலில் சிரிப்பு, பிறகு அழுகை. டப்பா குப்பைக்கு. மீனா கழுவிக்கொண்டு வந்து, "கேன் வீ ஆர்டர் பீட்சா?" என்றாள்.

அக்டோபர் 16, சனி

கொரியர் சங்கக் கட்டடம். பார்க்கிங் நிறையக் கார். மேடையில் ஐந்து பிள்ளைகள் பாடி, ஆடி, குனிந்து வணங்கி, கைதட்டல். மீனா மஞ்சள் சட்டையில் என் பக்கத்தில். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

பக்கத்து அறை. மடக்கு நாற்காலிகள் அடுக்கி வைக்கும் இடம். கம்பெனியிலிருந்து ஒருவர், குறிப்பெடுக்க ஒரு பெண், முக்காலியில் வீடியோ கேமரா. சோ வலப்பக்கம் காட்டி நின்றார். பெற்றோர் வெளியே, கண்ணாடிக்கு அப்பால். என்னை ஏன் உள்ளே விட்டார்கள் தெரியவில்லை. பாட்டி என்று நினைத்திருக்கலாம்.

மீனா சுவர்ப் பக்கம் திரும்பப் போனாள். சோ தோளைத் தொட்டு அவர்கள் பக்கம் திருப்பினார். பாடினாள். குறிப்பெடுத்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. லென்ஸில் மூடி போட்டபடியே இருந்தது. மறதியோ என்று பார்த்தேன். முடிந்ததும் அந்த ஆள் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார். குரல் மட்டும் போதும்.

பிறகு கொரிய மொழியில் பேச்சு, சோவிடம். மீனா என் காதருகே மொழிபெயர்த்தாள், பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல.

"வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்காம். ஒரு க்ரூப் ரெடி பண்றாங்களாம். அதுல ஒரு அக்கா அழகா இருக்காங்களாம். நான் பாடணும், அவங்க வாயசைப்பாங்க."

"அந்தப் பொண்ணுக்குப் பாட வராதா?" என்று அவர்களிடம் கேட்கச் சொன்னேன்.

கேட்டாள். பதில் வந்தது. "டான்ஸ் வருமாம்."

சோவின் வேலையும் உறுதி. யாரிடமும் சொல்லக்கூடாது. பத்திரிகையில் வந்த செய்திக்கு ஒரு மறுப்பு வர வேண்டும்: அந்தச் சிறுமி கலந்துகொள்ளவில்லை என்று. திங்கள் இரவு எட்டுக்கு அவர்கள் விமானம். நாலுக்குள் பதில்.

அக்டோபர் 17, ஞாயிறு

சோ வந்தார். செந்தில் வீட்டில் எல்லோரும். என்னையும் கூப்பிட்டார்கள்.

சம்மதியுங்கள் என்றுதான் கேட்டார். எழுதி வைக்கிறேன், பின்னால் அவரை நான் நல்லவராக்கிவிடக் கூடாது. வகுப்பில் நாலு பிள்ளைகள், அதில் இரண்டு டிசம்பரில் நிற்கப் போகின்றன. "இன்னும் பத்து வருஷம் நீராவியில் நின்றால் எனக்கும் குரல் இருக்காது." சூஜின் தலையாட்டத் தொடங்கினாள். சூஜினின் அம்மா மீனாவைப் பார்க்க வந்தது ஒரே தடவை. சியோலில் ரேடியோவில் இவள் குரல் கேட்டால் அந்த வீட்டிலும் கேட்கும்.

செந்தில் கேட்டான்: "நீங்க இப்படிப் பாடியிருக்கீங்களா மாஸ்டர்?"

சோ நெடுநேரம் தன் சாக்ஸைப் பார்த்தார். பதினாறு வயதில் அடுப்பு வெடித்துக் கன்னம் போனது. பிறகு ஒன்பது வருஷம் பாடினார். ஏழு இசைத்தட்டு. அட்டையில் வேறொருவர் படம், வேறொருவர் பெயர். ஒருமுறை பஸ் ரேடியோவில் வந்த இவர் பாட்டுக்குப் பக்கத்து ஸீட்டுக்காரர் தாளம் போட்டாராம். "நல்ல பாடகர், இல்லையா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்."

மீனா கேட்டாள்: "சரியாப் பாடினீங்களா?"

"ரொம்ப."

இது பத்திரிகைக்கு இல்லை என்று கிளம்பும்போது என்னிடம் சொன்னார். இல்லை என்றேன். முடிவு எடுக்கவில்லை. மறுப்புச் செய்தியை மட்டும் தயார் செய்து வைக்கச் சொன்னார்.

அக்டோபர் 18, திங்கள்

ப்ரூஃப் நாள். அச்சகத்தில் எழுதிப் பார்த்தேன்: 'குறிப்பிட்ட சிறுமி பங்கேற்கவில்லை.' உண்மைச் செய்திக்கு மறுப்பு. முப்பத்தொரு வருஷத்தில் அமைச்சர்கள் கேட்டிருக்கிறார்கள், போட்டதில்லை. இப்போது கேட்பவர் இஸ்திரி போடுகிறவர், இந்த நிலைக்குக் காரணம் நான். நாளை தருகிறேன் என்று லிம் அம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றேகாலுக்கு மீனாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். மாஸ்டர் கடைக்குப் போகணும் என்றாள். போனோம். சூஜினும் செந்திலும் முன்னமே அங்கே, துணி மூட்டைகளுக்கு நடுவில். அவளே சொல்லட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். மூன்று நாற்பது. சோ ஹோட்டல் எண்ணைச் சுழற்றினார். பேசினார். இருமினார். சரி என்று சொல்லப் போகிறார் என்றே எனக்குப் பட்டது. சட்டென்று ரிசீவரை மீனாவிடம் நீட்டினார்.

அவள் கொரிய மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னாள். மரியாதையாக. தலைகூடக் குனிந்தாள், போனுக்கு. வைத்துவிட்டாள்.

சூஜின் கையால் வாயை மூடிக்கொண்டாள். சோ திரும்பி யாருடைய சட்டையையோ எடுத்துப் பலகையில் விரித்தார்.

காரில் கேட்டேன். என்ன சொன்னாய்?

"கேமராவுல மூடி போட்டிருந்தீங்க. அதை எடுத்துட்டு வந்தா பாடறேன்னு சொன்னேன்."

கவனித்திருக்கிறாள். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டருக்கு வேலை போச்சே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரை அழுதாள். அபார்ட்மென்ட் கேட் அருகே மூக்கைத் துடைத்து, "சனிக்கிழமை கிளாஸ் இருக்காம். கேட்டுட்டேன்" என்றாள்.

அக்டோபர் 19, செவ்வாய்

குளிர் வந்துவிட்டது. கண்ணனின் பழைய ஸ்வெட்டர். பால் இல்லை.

பத்து மணிக்கு லிம் அம்மாள் போன். "பக்கம் மூடணும் மேடம். அந்த மறுப்பு?"

மறுப்பு இல்லை, திருத்தமும் இல்லை என்றேன்.

"நாலு வரி இடம் விட்டுட்டேனே."

சனிக்கிழமை பாட்டு வகுப்பு, காலை ஒன்பதரை, சர்ச் பின் அறை, புதிய பிள்ளைகள் சேரலாம் என்று போடச் சொன்னேன். காசு? அந்தப் படத்தை நான் சும்மாதானே கொடுத்தேன் என்றேன். சிரித்தாள். ஆசிரியரின் முழுப் பெயர் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரமாக சோ, சோ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்குப் போன் செய்தேன். எதற்கு என்று கேட்டார். அச்சில் போட என்றேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

சோ மான்-ஹோ. இரண்டு முறை சொல்ல வைத்து எழுதிக்கொண்டேன்.