அத்தைக்கு ஓர் எலிச் சேதி

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

பலித்துவிட்டது அத்தை! நேற்று மதியம் மதுரை ஆய்வகத்தில் நான் போட்ட சத்தத்தில், ஏதோ பாட்டில் வெடித்துவிட்டது என்று பக்கத்து அறைக்காரர் ஓடிவந்தார். தெரு முனையில் புதிதாக வந்திருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். யாருக்குச் சொல்வது என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது என்பது ரிசீவரை எடுத்த பிறகுதான் உறைத்தது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் மில் வேலை முடிந்து, மடவார் வளாகத்து வீட்டுக்குள் நுழையும்போதே கேட்பீர்களே, "என்ன மாப்ளே, எலியெல்லாம் சௌக்கியமா?" என்று. தெருவே சிரிக்கும். ஒரு நாள் மட்டும் சிரிக்காமல் கேட்டீர்கள். "வெளிய அடிபட்டா கட்டுப் போட நாங்க துணி தாரோம். மூளைக்குள்ள அடிபட்டா உங்க எலி என்னத்தத் தரும்?"

இப்போது பதில் சொல்கிறேன், கேளுங்கள். மூளையின் செல்களில் அபின் வகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. அதிலும் பல வகை. ஒரு வகையை மட்டும் பிடித்துக்கொள்ளும் மருந்தைத்தான் எலிகளுக்குப் போட்டேன், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த கொஞ்ச நேரத்திலேயே. பிறகு அந்த மூளையைத் துண்டு போட்டுச் சாயத்தில் ஊறவைத்தால், உயிருள்ள பகுதி சிவக்கும். செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும். மருந்து போடாத எலிக்கு ஒரு பக்கம் பெரிதாக வெள்ளை. மருந்து போட்டதற்கு ஓரமாக ஒரு சின்னத் திட்டு, அவ்வளவுதான்! எவ்வளவு சிவப்பு தெரியுமா அத்தை? எலிக்குப் பலித்தது மனுஷனுக்குப் பலிக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, இன்றைக்குக் கொஞ்சம் ஆடிக்கொள்கிறேனே.

ஆனால் இன்னொரு தட்டும் இருந்தது. அதே மருந்தைச் சில மணி நேரம் தாமதித்துப் போட்ட எலிகளின் மூளைத் துண்டுகள் அதில். அவற்றில் வெள்ளை கொஞ்சமும் குறையவில்லை. அந்தத் தட்டைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நான் ஊருக்கு வந்திருந்த அன்றைக்கு நமக்குள் சண்டை. எலி வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்தில் மருந்துக் கடை வைக்கச் சொன்னீர்கள். முடியாது என்றேன். "இனி உங்ககிட்ட நான் பேசினா ஏன்னு கேளுங்க மாப்ளே" என்று உள்ளே போய்விட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். காபி கேட்டேன், பதில் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் கோணிக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன். நானும் வீம்பாக வெளியே போய்விட்டேன். சாயங்காலம் உங்கள் மூத்த மகள், என் சாந்தி வந்து அலறிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம்.

எலிகளுக்குப் பக்கவாதம் வரவைத்துப் பார்ப்பதே என் பிழைப்பு. உங்களுக்கு வந்தபோது அதைக் கோபம் என்று நினைத்தேன். அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த மருந்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது உண்மைதான். இருந்தாலும் அவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்திருந்தீர்களே? நான் பார்த்துவிட்டுப் போவதை நீங்களும் பார்த்தீர்களா? பேச்சும் வலது கையும் போய் ஒரு வருடம் படுத்திருந்தீர்கள். அந்த ஒரு வருடத்தில் உங்கள் கண்ணைப் பார்த்து இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்துவிடுங்கள் அத்தை.

அந்த மதியம் நான் அடுப்படிக்கு வந்தது சாந்திக்கு இன்றுவரை தெரியாது. நாளைக் காலையில் இந்தக் கடிதத்தை நானே அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எத்தனை நாள் ஆனாலும் சரி, இந்த முறை எழுந்து வெளியே போக மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மூத்த மகளைக் கட்டிய மாப்பிள்ளை