உன் வேலிக்கு உள்ளே பூ இல்லை

துப்பட்டாவில் பச்சைப் பெயிண்ட். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், சோப்புப் போட்டுக் கசக்கினேன். கறை இன்னும் கொஞ்சம் அகலமானதுதான் மிச்சம். வீடு முழுக்க உன்னைப் பெற்ற அத்தாவின் கடை வாசனை அடிக்கிறது. கள்ளக்குறிச்சியில் அந்த இரும்புக் கடைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதென்று இந்தத் துணியைத் துவைக்கும்போதுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. இறந்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

அந்தப் பூவை முதலில் பார்த்தது நீதான். கல்லூரி முடிந்த வருடம், வெள்ளிமலை பஸ்ஸை விட்டு இறங்கி, சும்மா நடந்துவரலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஓடை அகன்று பரவுகிற இடத்தில், கால் வைத்தால் புதையும் அந்த ஈர நிலத்தில், புதுச் சுடிதாரோடு குப்புறப் படுத்துவிட்டாய். என்னடி ஆயிற்று என்று நான் பதறினால், விரலை மட்டும் தூக்கிக் காட்டினாய். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய நீலப் பூ. இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சேற்றுக்குள் அதற்குக் குட்டிக்குட்டிப் பைகள் இருக்கும், தண்ணீரில் நெளியும் பூச்சிகளை அவற்றால் உறிஞ்சித் தின்னும் என்று நாம் படித்திருந்தோம். மண்ணில் சத்தில்லாத இடத்தில் வேறு எப்படிப் பிழைக்கும்? அதன்பிறகு மலையில் எங்கெல்லாம் தேடினோம்! மற்ற ஈர நிலங்களை வாய்க்கால் வெட்டி வடித்து மரவள்ளி போட்டிருந்தார்கள். நாம் தேடியவரை அது மிஞ்சியிருந்தது அந்த ஒரு துண்டு நிலத்தில்தான்.

அடுத்த வருடம் பூக்கும் சமயத்தில் நாம் போனபோது அந்த ஊர்ச் சின்னப்பொண்ணு அக்காவின் மாடுகள் அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மாடு சரியாகப் பூக்களின்மேல் நின்றுகொண்டு நம்மைப் பார்த்தது. நீ அழுதாய். அழுத கையோடு ஊர்க்காரர்களிடம் பேசி, உன் அத்தாவை நச்சரித்து, கடையிலிருந்து முள்கம்பியும் இரும்புக் கால்களும் மலைக்கு ஏற்றி, நாலு பக்கமும் வேலி போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தாய்.

சின்னப்பொண்ணு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். “ஏம்மா, பூவுக்கு வேலி கட்டிட்டீங்க. எம் மாட்டுக்குத் தண்ணி யாரு காட்டுவா?”

“நான் காட்டறேங்க்கா. கொடத்தக் குடுங்க.”

சொன்னதோடு நிற்காமல் ஒரு குடம் தூக்கியும் வந்தாய். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. “பாத்தியா, உம்மேல அதுக்கும் கோவம்” என்று அக்கா சிரித்தார். கொஞ்ச நாளில் மாடுகள் வேலியை ஒட்டியே வெளியில் ஒரு தடம் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போகப் பழகிவிட்டன.

முதல் மழைக்கு உள்ளே நீலத் துணியை விரித்துப் போட்டதுபோல் பூத்தது. உன் தலைக்கனம் தாங்க முடியவில்லை. அடுத்த மழைக்குப் புல் முழங்கால் உயரம். கோரை அதற்கும் மேலே. பூவைப் புல்லை விலக்கித் தேட வேண்டியிருந்தது. மேய ஆளில்லை, புல் வளர்ந்துவிட்டது, அடியில் கிடக்கிற குட்டிச் செடிக்கு வெயில் போகவில்லை, காய் முற்றி விதை விழுந்ததும் கொஞ்ச நாள் மாட்டை உள்ளே விடு என்றேன். வேறு ஊர்களில் இப்படி நடந்ததைப் படித்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அதுதான் தப்பாகிவிட்டது.

“உன் பொஸ்தகத்துல மேயற மாடு வேற, இங்க மேயற மாடு வேறடி.”

“புல்லு ஒண்ணுதானே?”

“ஒரு மழ பாத்துட்டுப் பேசலாம்.”

எதற்கும் இதுதான் உன் பதில். வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் ஒரு மழை பார்த்துவிட்டு. டாக்டரிடம் போ என்றால் ஒரு மழை பார்த்துவிட்டு. வாக்குவாதத்தை அப்படியே கொடியில் காயப்போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய். எனக்குத்தான் தொண்டையில் மீதி வார்த்தைகள் நிற்கும். அந்தக் கோடையில் காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். மழை அதன்பிறகு வந்தது. நான் மட்டும் போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு பூ இல்லை.

யாரிடம் பேசுவது? நீ ஒத்துக்கொண்டிருப்பாயா, இல்லை வேறு காரணம் கண்டுபிடித்திருப்பாயா என்றுகூட எனக்குத் தெரியாது. சண்டையில் பாதியிலேயே எழுந்து போகிற பழக்கத்தை இவ்வளவு தூரமா கொண்டுபோவாய்?

நீ போனபிறகு உன் அத்தா மழைக்கு மழை மலையேறுகிறார். முழங்கால் வலியோடு, பெயிண்ட் டப்பாவோடு. தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்டுகிறார், துருப்பிடித்த கால்களுக்குப் பச்சை அடிக்கிறார். உள்ளே இருக்கிற புதரை அவர் பார்ப்பதே இல்லை. அவருக்கு அந்த வேலிதான் நீ. அதை எடுங்கள் என்று அவரிடம் நான் சொல்ல வேண்டும். இப்படியொரு வேலையை எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, நன்றாக இருக்கிறதா?

நேற்று சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் அவரோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாய் வரவில்லை. அவர் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வேலிக்கு வெளியே, அந்த மாட்டுத் தடத்தில், அடுத்த இரும்புக் காலுக்கு அவர் நகர்ந்தபோது பார்த்தேன். குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் ஓரங்களில் நீலம்.

“அத்தா, காலு! கால எடுங்க!”

நான் கத்திய கத்தலில் அவர் தடுமாறி என்னைப் பிடித்துக்கொண்டார். டப்பா கவிழ்ந்தது. இந்தக் கறையின் கதை இதுதான்.

“இன்னாம்மா, பாம்பா?”

“பூவு, அத்தா.”

மெதுவாகக் குந்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இத்தனை நாளில் அந்தப் பூவை அவர் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“இத்தினியூண்டா? இதுக்கா அவ எங் கடைய காலி பண்ணிக்கினு வந்தா?”

“இதுக்குத்தான்.”

“உள்ள இருக்குதுன்னு சொன்னாளே?”

சொன்னேன். மாட்டையும் புல்லையும் வெயிலையும் சொன்னேன். புத்தகத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் வேலிக்கு உள்ளே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் பொண்ணு கட்டுன வேலிம்மா இது.”

“பூவுக்காகக் கட்டுனா, அத்தா.”

அவர் எழுந்து பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். மாட்டுத் தடத்தை ஒட்டிய பக்கத்தில் கட்டுக்கம்பியை ஒவ்வொன்றாக நறுக்கினார். முள்கம்பியைக் கையில் குத்தாமல், கடையில் விற்பதற்குச் சுற்றுவதுபோல அழகாகச் சுருட்டினார். இரண்டு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் ஓடையைப் பார்த்தேன். ஒரு பக்கம் திறந்தது. தூரத்தில் மாட்டோடு நின்ற சின்னப்பொண்ணு அக்கா அதன் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“மத்த மூணு பக்கம், அத்தா?”

பிளேயரைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். “ஒரு மழ பாத்துட்டுப் பேசலாம்மா.”

எனக்குச் சிரிப்பா, எரிச்சலா, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் அது உன் சொத்து என்று நினைத்திருந்தேன். பரம்பரைச் சொத்தாம்.

சரி, வரட்டும் மழை. நீ பாதியில் விட்ட சண்டை என்னிடம்தான் இருக்கிறது. மீதி மூன்று பக்கத்துக்கும் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர் எழுந்து போகமாட்டார், முழங்கால் வலி.