கட்டிலடி உபயகாரர்

கோப்பாய் தெற்கு
30.03.1993

அன்பு மகள் பத்மலோஜினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. பிள்ளையார் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம், அதில் ஒருவர், அம்மப்பா, கட்டிலில் சுகம். நீயும் மருமகனும் அந்தப் பனிக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். நீ டிசம்பரில் போட்ட கடிதம் தைப்பூசத்துக்கு அடுத்த நாள் கைக்கு வந்தது. உள்ளே வைத்திருந்த பளபளப்பான துண்டுப் பிரசுரத்தை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வயது போனவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் களைத்துப் போனால் எங்கெங்கே உதவி கேட்கலாம் என்று வடிவாக அச்சடித்து, பின்பக்கத்தில் ஆறு தொலைபேசி இலக்கமும் போட்டிருக்கிறார்கள். அம்மா லாம்புச் சிமினியைத் துடைத்துக்கொண்டே, “அதிலை ஒண்டுக்கு அடிச்சுப் பாருங்கோவன், நாளைக்கு விடிய ஐயாவைப் பிரட்ட ஆள் வருமோ எண்டு” என்றாள். சண்டையோடு கரண்டும் தொலைபேசிக் கம்பியும் அறுந்த கோப்பாயில் கடைசியாக மணி அடித்த தொலைபேசி எது என்பதே எனக்கு மறந்துவிட்டது. சிரித்தோம். ஆனால் நீ கடைசிப் பந்தியில் கேட்டிருந்தது சிரிக்கிற விஷயமல்ல. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் வந்து நிற்கட்டோ என்று கேட்டிருந்தாய். வதிவிடப் பத்திரம் கைக்கு வராமல் நீ வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது என்பது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஓம் என்றும் சொல்ல முடியாமல், வேண்டாம் என்று சொல்ல ஒரு நியாயமும் கையில் இல்லாமல்தான் இந்த ஒன்றரை மாதமும் பதில் எழுதாமல் இருந்தேன். இப்போது நியாயம் இருக்கிறது, ஆறுதலாக வாசி.

அம்மாவின் நாரி நோவு பற்றி அவள் உனக்கு எழுதியது முழு உண்மையல்ல. அம்மப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து பதினாலு மாதம், அந்தப் பதினாலு மாதமும் அவரைத் தூக்கி இருத்தியது, கழுவியது, பிரட்டியது எல்லாம் அவள் ஒருத்திதான். மாசிப் பிறப்பன்று இடுப்புப் பிடித்து, குனிந்த இடத்தில் நிமிர முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே உடற்பயிற்சி வைத்தியம் செய்கிற பிள்ளை ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், அம்மாவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள், “ஐயா, இவ இனித் தூக்கினா ஒரு வீட்டிலை ரண்டு கட்டில் போட வேண்டி வரும்.” பிறகு ஒரு பழைய போர்வையை நாலாக மடித்து நோயாளியின் முதுகுக்குக் கீழே செருகி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று சேர்த்து இழுக்கிற விதத்தை ஒரு தலையணையை வைத்தே காட்டித் தந்தாள். தூக்கவே தேவையில்லை, படுக்கைப் புண்ணும் வராது. பதினாலு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உதவி அதுதான். ஆனால் அதற்கு இரண்டு சோடிக் கை வேண்டும், அதில் ஒன்றும் அம்மாவுடையதாக இருக்கக்கூடாது.

ஆகவே நானும் உன் துண்டுப் பிரசுரத்தை மனதில் வைத்துக்கொண்டு உதவி தேடிப் புறப்பட்டேன். முதலில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். அங்கே படிவம் தந்தார்கள். இடம்பெயர்ந்தவருக்கு ஒரு கட்டம், கணவனை இழந்தவருக்கு ஒரு கட்டம், அங்கவீனருக்கு ஒரு கட்டம் இருந்தது. அங்கவீனரைப் பார்த்துப் பார்த்து அங்கவீனமாகிக்கொண்டு வருகிறவருக்கு எந்தக் கட்டம் என்று கேட்டேன். அந்தத் தம்பி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சேர், ‘வேறு’ எண்ட இடத்திலை எழுதிவிடுங்கோ” என்றான். எழுதிவிட்டு வந்தேன், இன்னும் அங்கேயே இருக்கும். அடுத்தது முதியோரை வைத்துப் பார்க்கிற கன்னியர் மடம். சிஸ்டர் நல்ல மனுஷி, பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்து உபசரித்தார். ஒருவருமே இல்லாதவர்களுக்கே கட்டில் போதவில்லையாம், “உங்கடை மாமாவுக்கு ஊர் நிறையச் சொந்தமெல்லோ” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிஸ்டரில் அல்ல, அந்த ஊர் நிறைந்த சொந்தத்தில். லண்டனிலிருந்து உன் பெரிய மாமா ‘ஐயாவை வடிவாகப் பார்க்கவும்’ என்று மூன்று மாதத்துக்கொருமுறை எழுதுவார், வடிவாக என்பதன் கீழே கோடும் போடுவார். உள்ளூரில் உள்ளவர்களோ படலையில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மடத்திலிருந்து திரும்புகிற வழியில் எங்கள் பிள்ளையார் கோவில் மதிலில் போன வருடத்து மகோற்சவ அறிவித்தல் இன்னும் கிழியாமல் ஒட்டியிருந்தது. இன்ன திருவிழா இன்னார் உபயம் என்று பத்து நாளுக்கும் பெயர். அந்தப் பெயர்களுக்காக இவர்கள் பிடித்த சண்டை உனக்கு நினைவிருக்கும், மூன்றாம் திருவிழாவை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று உன் ஒன்றுவிட்ட சின்னம்மா செல்வநாயகி வீட்டார் வழக்கு வைத்துக் கோடு வரைக்கும் போனவர்கள். சாமிக்கு ஒரு நாள் செய்ய அடிபடுகிறவர்களுக்கு, இருபது வருடம் அந்தக் கோவிலின் தர்மகர்த்தாவாக இருந்து அந்தப் பட்டியலை எழுதிய அம்மப்பாவுக்கு ஒரு வாளி தண்ணீர் வார்க்க நேரமில்லை. வீட்டுக்கு வந்த சூட்டோடு தட்டச்சு யந்திரத்தை எடுத்து, காபன் கடதாசி வைத்து, அம்மப்பாவின் பெயரில் ஓர் அறிவித்தல் அடித்தேன். ‘ஸ்ரீமான் அருளம்பலம் அவர்களின் கட்டிலடி மகோற்சவம். நிகழும் மங்களகரமான பங்குனி மாதம் முதல் வாராவாரம்.’ திங்கள் கொடியேற்றம், அதாவது எழுப்பி இருத்தல். புதன் திருமஞ்சனம், வெள்ளி பூங்காவனம், அதாவது விரிப்பு மாற்றல், சனி தீர்த்தம். ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஒரு வீட்டின் பெயர், ஆறு வீடு. ஞாயிறுக்கு எதிரே ‘உபயகாரர் கிடைக்கவில்லை’ என்று அடித்தேன். உறைக்கட்டும் என்றுதான் எழுதினேன், உதவி கிடைக்கும் என்று எழுதவில்லை, அதை உன்னிடம் ஒளிக்கத் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஆறு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இனி இந்தச் சனங்களின் முகத்தில் முழிக்கத் தேவையில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அழுதே விட்டாள். “என்ரை வீட்டு அலுவலைத் தம்பட்டம் அடிச்சுப்போட்டியள், இனி நான் எப்பிடிக் கோவிலடிக்குப் போறது” என்றாள்.

திங்கட்கிழமை விடிய ஆறரைக்குப் படலை திறந்த சத்தம். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று மேலுக்குச் சேட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், செல்வநாயகியும் புருஷனும் குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, கையில் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் புதுத் துவாயுமாக நிற்கிறார்கள். நான் வாய் திறக்க முன்னமே அவள் தொடங்கினாள், “அத்தான், கொடியேத்தத்தை எங்களுக்குத் தந்தது சந்தோசம், ஆனா மூண்டாம் நாளும் எங்கடைதானே, அதை ஏன் மற்றவைக்குக் குடுத்தனீங்கள்?” லோஜி, நான் எழுதிய நக்கலில் ஒரு எழுத்துக்கூட அவளுக்கு நக்கலாகப் படவில்லை. முறை என்று எழுதிக் கையில் கொடுத்தால் இவர்கள் அதை முறையாகத்தான் எடுப்பார்கள் என்று ஐம்பத்துநாலு வயதாகியும் எனக்குத் தெரியவில்லை. இதுநாள் வரைக்கும் ஏன் வரவில்லை என்று கேட்டே விட்டேன். “நாங்கள் படலையடியிலை கேக்கேக்கை எல்லாம் அக்கா ஒரு கரைச்சலும் இல்லை எண்டுதானே சொன்னவ, பிறகு நாங்கள் எப்பிடி உள்ளுக்கை பூருறது” என்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் சுவரைப் பார்த்தாள்.

இரண்டாம் கிழமைக்குள் இது போட்டியாகிவிட்டது. புதன் வீட்டார் நாவிதரைக் கூட்டிவந்து முகச்சவரம் செய்வித்தார்கள், அம்மப்பா பத்து வயது குறைந்து ஸ்ரேஷன் மாஸ்டராக இருந்த காலத்து ஆளாகிவிட்டார். அது காதில் விழுந்ததும் வியாழன் வீட்டுக்காரர் ரேப் ரெக்கோடரைக் கொண்டுவந்து, சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக வைத்து, டைனமோவைப் பூட்டி, ஒரு கையால் பெடலைச் சுற்றிச் சுற்றி நாதஸ்வரம் கேட்கச் செய்தார். களைத்துப் பெடல் மெதுவாக, நாதஸ்வரமும் முகாரிக்கு இறங்கும். அம்மப்பா கோணல் வாயால் “சுத்து, சுத்து” என்று விரட்டினார். போர்வையைச் செருகிப் பிரட்டும் விதத்தை எல்லாருக்கும் அம்மா கதிரையில் இருந்தபடியே சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய அதிகாரத்தை நீ பார்க்க வேண்டும்.

இனி நாகலிங்கத்தின் விஷயம். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு நாலு வருடம் பிந்தி நியமனம் பெற்று, நான் இருந்திருக்க வேண்டிய எங்கள் பாடசாலை அதிபர் கதிரையில் பதினொரு வருடமாக இருப்பவன் என்பது உனக்குத் தெரிந்ததே. அந்தப் பட்டியலில் அவன் பெயரை வேண்டுமென்றே விட்டேன். இரண்டாம் வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் சைக்கிளில் என் பின்னாலேயே வந்து, படலைக்குள் இறங்கி நின்று கத்தினான். “ஆறு வீட்டுக்குக் குடுத்திட்டு என்னை விட்டது என்ன நியாயம், கனகசபாபதி? நான் என்ன பிறத்தியே? அவர் என்ரை பெரியப்பா. பள்ளிக்கூடக் கோபத்தைப் பள்ளிக்கூடத்திலை வையும்.” இடம் இல்லை, ஞாயிறு ஒன்றுதான் மிச்சம், வேண்டுமென்றால் எடும் என்றேன். அவன் கோபம் போய், விளங்காத முகத்தோடு என்னைப் பார்த்தான். “ஞாயிறு உம்முடையதெல்லோ? உபயகாரர் இல்லை எண்டு போட்டது உம்மடை தன்னடக்கம் எண்டுதான் எல்லாரும் நினைச்சம்” என்றான். சனிக்கிழமைக்கு எழுதியிருந்த வீட்டில் கிழவிதான் இருக்கிறா, அதை நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் படலையில் நின்றேன். ஊரில் ஒருவருமே, என்னோடு கோபமானவர்கள்கூட, மருமகன் தன் பெயரை விட்டிருப்பான் என்று நினைக்கவில்லை. கலியாணப் பேச்சில் அம்மப்பா சபையில் வைத்து ‘வாத்தியார் வேலை அரைநேர வேலைதானே’ என்று சொன்ன நாளிலிருந்து இருபத்தேழு வருடம் நான் அவருக்குச் சோற்றுக்கும் மருந்துக்கும் குறை வைக்கவில்லை, ஆனால் ஒரு விரலால் தொட்டதும் இல்லை, போன ஞாயிறும் அம்மாதான் குனிந்தாள். அம்மாவின் நாரி போனதில் என் வீறாப்புக்கும் பங்கு உண்டு. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னொரு சோடிக் கை தேவைப்பட்டது. பதினொரு வருடத்தில் நாகலிங்கத்திடம் லீவுக் கடிதம் தவிர வேறொன்றும் கேட்காதவன் விடியக் காலை போய் அவன் வாசலில் நின்றேன். பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தவன் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தான். தன் தகப்பனை ஐந்து வருடம் பார்த்தவனாம், எனக்கு இது தெரியாது. போர்வையை நான் இழுத்த விதத்தைப் பார்த்து, “கயிறிழுத்தல் போட்டியில்லை, மெல்ல” என்றான். வெந்நீரில் துவாயை நனைத்து முதுகைத் துடைத்தபோது அம்மப்பா தலையைத் திருப்பி யாரென்று பார்த்தார். பிறகு, “காதுக்குப் பின்னாலை” என்றார். அங்கேயும் துடைத்தேன். நாங்கள் இருவரும் தண்ணீர் வாளியோடு வெளியே வந்தால் குசினியில் சோறு தீயும் மணம். அம்மா உள் அறையில் பாயில் ஒருக்களித்துக் கிடந்து, கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து, பட்டப்பகலில் நித்திரை. பதினாலு மாதத்தில் அவள் பகலில் கண் மூடி நான் பார்க்கவில்லை. நாகலிங்கம் “எழுப்பாதையும்” என்று இரகசியமாகச் சொன்னான். பானையை நானே இறக்கினேன். பன்னிரண்டரை வரைக்கும் அவள் எழும்பவில்லை, நாங்கள் இருவரும் அடிப்பிடித்த சோற்றைச் சம்பலோடு சாப்பிட்டு, அதிபர் கதிரையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்தோம்.

ஆகையால் நீ வர வேண்டாம். உன் பத்திரம் முடியட்டும். ஆனால் பட்டியலில் உனக்கும் ஒரு முறை எழுதியிருக்கிறேன். வெளிநாட்டு உபயகாரர் காசை அனுப்பித் தங்கள் பெயரை வாசிக்கச் சொல்லுவார்கள், எனக்கு அந்த உபயம் வேண்டாம். மாதம் ஒரு கடிதம் அம்மாவின் பெயருக்குத் தனியாக எழுது. அதில் அம்மப்பாவைப் பற்றி ஒரு வரியும் கேட்காதே. இதுவரை வந்த கடிதம் எல்லாவற்றிலும், உன்னுடையதிலும் லண்டன் கடிதத்திலும், நோயாளி எப்படி என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். நித்திரை கொண்டியா, சாப்பிட்டியா, கோவிலுக்குப் போனியா, என்ன நிறச் சீலை உடுத்தாய் என்று அவளைக் கேள். அவள் ஒரு கரைச்சலும் இல்லை என்று எழுதினால் நம்பாதே, திரும்பக் கேள்.

மருமகனுக்கு என் அன்பைச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. கொழும்புக்கு வருகிற ஆரிடமாவது நாரிக்குக் கட்டுகிற பட்டி ஒன்று கொடுத்துவிட மறவாதே, அம்மாவின் இடுப்புச் சுற்று முப்பத்துநாலு அங்குலம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீடூழி வாழ எல்லாம் வல்ல பிள்ளையார் துணையிருப்பார்.

இப்படிக்கு
உன் அன்புள்ள அப்பா
க. கனகசபாபதி
(ஞாயிற்றுக்கிழமை உபயம்)