அன்ஹரின் ஆறு

பேருயிரின் பெயரால், மகன் ஹிர்மிசுக்கு அமாராவிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மடங்க மறுக்கிறது, நாக்கு அடங்க மறுக்கிறது, மற்றபடி குறையில்லை. அந்தச் சுவீடன் குளிரில் நீயும் மருமகளும் பேத்தி அன்ஹரும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் உன் குரல் உடைந்ததால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டைகிரிஸில் முழுக்குப் போடாத பிள்ளை மந்தேயப் பிள்ளையாகுமா என்று கேட்டாய், ஒரு கேன் ஆற்றுத் தண்ணீர் அனுப்பினால் குளியல் தொட்டியில் ஊற்றிச் சடங்கை முடித்துவிடலாம் என்றாய். உன் பயம் எனக்குத் தெரியும். மற்ற மதங்களில் வெளியாள் வந்து சேரலாம், நம் மந்தேய மதத்தில் பிறந்தால்தான் உண்டு, இருக்கிற கொஞ்சம் பேரில் ஒரு குழந்தை விட்டுப்போனாலும் போனதுதான். அதற்காகத் தொட்டியிலா முழுக்கு? நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா வெள்ளிப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் படித்துறைக்குப் போய்க் கேனை நிரப்பி வந்துவிட்டார், என் பேத்திக்கு என் ஆறுதான் என்று ஒரே பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை நம் குரு பிஹ்ராம் வந்தபோது உன் அப்பா கேனைப் பெருமையாக அவர் முன்னால் வைத்தார். குரு தொடக்கூட இல்லை. "கேன்ல அடைச்சப்பவே இது செத்துப்போச்சு ஸஹ்ரூன், ஓடுறதுதான் உசுருள்ள தண்ணி, உன் மகன் ஊர்ல ஆறே ஓடலையா?" என்றார். ஓடுகிறது, குளிரில் மட்டும் உறையும் என்று நான் சொன்னேன். "அப்ப அதுவும் நம்ம ஆறுதான். வடக்கு பாத்து நின்னு கும்பிடத் தெரிஞ்சா போதும்" என்றார். இத்தனை வருடம் நீ கூப்பிடும்போதெல்லாம் டைகிரிஸை விட்டு எவன் வருவான் என்று தட்டிக்கழித்தவர் அல்லவா உன் அப்பா, அவருடைய சாக்கு அன்றைக்குக் கையைவிட்டுப் போனது. பக்கத்து வீட்டுச் சத்தாரின் அம்மா கர்பலாவுக்கு யாத்திரை நடந்துபோய் வந்த கால்வீக்கத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நடந்து போக உங்களுக்குன்னு ஒரு ஊரு இல்லையேன்னு பாவப்பட்டேன்டி, உங்க ஊரு நீங்க போற இடத்துக்கெல்லாம் வருது, நான்தான் கால் வீங்க நடக்குறேன்" என்றாள். சாயங்காலம் உன் அப்பா கேனை ஆற்றிலேயே கவிழ்த்துவிட்டு வந்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே ஜூனில் வருகிறோம். அதற்குள் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிற நல்ல துறையாகப் பார்த்து வை, உங்கள் பக்கத்துக் குருவிடம் நாள் கேள், ஆஸ் செடி ஒன்றை ஜன்னலோரம் வளர்த்து வை, தலையில் வைக்கும் வளையத்துக்கு அதன் கிளைதான் வேண்டும். அன்ஹருக்கு வெள்ளை உடை தைத்துவிட்டேன், கொஞ்சம் பெரிதாகவே. தண்ணீர் சில்லென்று இருக்குமே என்று மருமகள் பயப்பட வேண்டாம், கத்துகிற பிள்ளைக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூவரும் நீடூழி வாழ்க, ஓடும் நீர் உங்களைக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, விமானத்தில் எவ்வளவு தண்ணீர் கொண்டுவர விடுவார்கள் என்று விசாரித்துச் சொல். உன் அப்பா காலிக் கேனைக் கழுவிப் பெட்டியில் வைத்திருக்கிறார். பேத்தி முழுகிய ஆற்றில் நிரப்பி வந்து டைகிரிஸில் ஊற்றப் போகிறாராம். அதுவும் செத்த தண்ணீர்தான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

உன் அம்மா,
சிமத்