முன்வாசல் நிலைக்குக் காத்திருந்த பதினொரு நாள்

இன்று காலை, கொழும்பு பாமன்கடையில் நான் சுவர் எழுப்புகிற வீட்டுக்குப் பலாப்பலகை வந்து இறங்கிற்று. யாரோ சீவுளி போட்டார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறினதும் உன் நினைப்பு வந்துவிட்டது, மச்சான். நீ கண்ணை மூடி ஒரு வருசமாகியும் உன்னைப் பகிடி பண்ணாமல் என் வாய் சும்மா இருக்குதில்லை. எழுத்தில் நான் மட்டம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு கட்டினோமே. நான் மேசன், நீ தச்சன். தையில் மகளுக்குக் கலியாணம், புதுவீட்டில்தான் பந்தல் என்று முதலாளி சொல்லிவிட்டார். மார்கழி பிறந்தும் முன்சுவர் முழங்கால் உயரத்தில் நின்றது. அவர் கேட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு: மழை, சீமெந்து பட்டாளத்துக்குப் போகிறது, கூலியாட்கள் துறைமுகத்துக்கு ஓடிவிட்டார்கள். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

முந்தின வீட்டில் உன் கதவுநிலை இரண்டு அங்குலம் குறைந்துபோனதற்கு, "இது வாசலோ, கோழிக்கூடோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே, இனி இவன் வாயால் அளவு வராமல் மரத்தில் வாள் வைப்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாய். நானோ, நிலை நிறுத்தினபிறகுதானே சுவர் எழும்பும், அவன் கொண்டுவரட்டும் என்று இருந்தேன். பதினொரு நாள். ஒரே கடையில் தேத்தண்ணீர் குடித்தோம், ஊர்க்கதை முழுக்கக் கதைத்தோம், இதை மட்டும் கதைக்கவில்லை.

மணப்பெண்தான் ஒருநாள் வந்து கேட்டாள்.

"மழை விட்டு நாலு நாளாச்சு அண்ணை. ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

நான் உன்னைக் காட்டினேன். அதே நேரம் நீ என்னைக் காட்டினாய்.

"அப்ப என்ர கலியாணம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நிக்குது," என்றாள். கண் கலங்கியிருந்தது.

நீ என் வாயிலிருந்து அளவு வரக் காத்திருந்தாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அன்றே அளவு சொன்னேன். மூன்றாம் நாள் நிலை நின்றது. கலியாணமும் அந்த வீட்டில்தான் நடந்தது. காயாத சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து மாப்பிள்ளையின் மாமன் முதுகு வெள்ளையாகிப்போக, நாம் இருவரும் பின்பக்கம் ஓடிப்போய்ச் சிரித்தோம். சிரித்து முடிந்து நீ சொன்னாய்: "உன்ர பகிடி எனக்குப் பிடிக்கும். அளவைச் சொல்லிப்போட்டுப் பகிடி விடு."

இப்போது எந்த வீட்டு வேலையானாலும், சாந்து குழைக்கமுன் ஒவ்வொரு ஆளாய்ப் போய், "ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று கேட்கிறேன். நேற்றுக் குழாய் பொருத்துகிறவன், "உங்களைத்தான் அண்ணை, சுவரில துளை எங்க?" என்றான். இடத்தைக் கரிக்கட்டியால் கீறிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவன் மீசையைப் பற்றிப் பகிடி விடத் தொடங்கினேன்.