திரும்பாத படிகமும் அம்மாவின் கட்டிலும்

அன்புள்ள வாலு,

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மூட்டுவலி என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா? இதை எழுதுவது அப்பாவேதான். லிஃப்டில் நின்று எண்களை அழுத்திக் காலம் தள்ளியவன் இப்போது பேனாவை அழுத்துகிறேன், தாள் கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள். உன் கடிதங்களை அம்மாதான் படித்துச் சொல்வாள். அவளுக்கு வாதம் வந்து பேச்சு போன பிறகு மாடிவீட்டுத் தையல்காரம்மாவிடம் எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். உங்க எழுத்தெல்லாம் மழைக்கு ஒதுங்கின ஆடு மாதிரி ஒரு மூலையிலேயே நிக்குது தாத்தா என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும், உன் கடிதத்தை முழுசாக நானே படித்துவிட்டேன்!

ஆராய்ச்சிக்கூடத்தில் நீ வளர்க்கும் படிகம் சூளையில் இருக்கும்வரை அதன் அறுகோணக் கட்டுக்குள் அணுக்கூட்டங்கள் எல்லாம் நேராக நிற்குமாம், குளிர்ந்ததும் மூன்று மூன்றாகச் சாயுமாம், அந்தச் சாய்வால் உள்ளே மின்சாரத்துக்கு ஒரு திசை வந்துவிடுமாம். வெளியே இருந்து மின்சாரம் கொடுத்தால் அந்தத் திசை முழுவதும் திரும்ப வேண்டும், ஆனால் வேறு வேறாகச் சாய்ந்த ஆறு பகுதிகள் கூடி முடிச்சு விழுந்த இடத்தில் பழைய திசை ஒட்டிக்கொண்டே இருக்கிறது, மறுபடி சூளையில் வைத்தால் வேறு இடத்தில் முடிச்சு விழுகிறது என்று எழுதியிருந்தாய். அது முழுசா திரும்பினதும் வர்றேன்ப்பா, அம்மாகிட்ட நானே சொல்லணும் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கத் தெரிந்ததில் இந்தச் சங்கடமும் இருக்கிறது.

அம்மாவின் முகம் இடது பக்கமே சாய்ந்திருக்கிறது. பிசியோதெரபிக்காரர் மெதுவாகத் திருப்புவார், கையை எடுத்ததும் பழையபடி போய்விடும். வலது பக்கம் நின்று நான் என்ன கோமாளித்தனம் செய்தாலும் அவளுக்கு நான் இல்லை. இனிமே இவ்வளவுதான் பெரியவரே, போகப் போக இதுவும் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூசி மெழுக நான் கற்ற எழுத்து போதாது. உன் படிகம் திரும்பாது என்று உன் பேராசிரியரே சொன்னதாக நீதான் எழுதியிருக்கிறாய். அம்மாவும் திரும்பமாட்டாள். காத்திருந்து நீ வரும்போது கட்டில் காலியாக இருக்கும்.

அதனால் நானும் தையல்காரம்மாவும் கட்டிலையே திருப்பிப் போட்டுவிட்டோம். சுவரைப் பார்த்துக்கிடந்தவள் இப்போது வாசல் கதவைப் பார்க்கிறாள். கதவு திறந்தால் கண் அசைகிறது. சந்தோஷப்படாதே, பால்காரருக்கும் அதே அசைவுதான்.

நோய்நொடி இல்லாமல் இரு, வேளைக்குச் சாப்பிடு. படிகத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பு. வந்ததும் ஓடிப்போய்க் கட்டிலுக்கு வலது பக்கம் உட்கார்ந்துவிடாதே. கதவருகிலேயே கொஞ்ச நேரம் நில்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய உன் அப்பா